நோய் விட்ட பிறகு கொட்டும் முடி: மூன்று மாதக் கணக்கும் கண்ணாடி முன் நிற்கும் நாட்களும்

காய்ச்சல் விட்டிருக்கும். பசி திரும்பி, வேலைக்கும் போக ஆரம்பித்திருப்பீர்கள். 'முகம் தெளிஞ்சிருக்கே' என்று நாலு பேர் சொல்லத் தொடங்கும் அந்த நேரம் பார்த்து, தலைக்குக் குளிக்கும்போது கைநிறைய முடி வரும். தலையணையில் முடி, சீப்பில் முடி, குளியலறை சல்லடையில் ஒரு பந்து.

முடி போவதைவிட அது போகும் நேரம்தான் பலரை உடைத்துவிடுகிறது. படுத்த படுக்கையாக இருந்தபோது தலையில் ஒரு மாற்றமும் இல்லை. எழுந்து நடமாடும்போது கொட்டுகிறது. வீட்டாருக்கும் நண்பர்களுக்கும் உங்கள் நோய் முடிந்துபோன கதை. உங்கள் கண்ணாடியிலோ அது அப்போதுதான் தெரியத் தொடங்குகிறது. விசாரிப்பவர்கள் விசாரித்து முடித்த பிறகு வருகிற இழப்பு இது. அதனால்தான் இதைத் தனியாகச் சுமக்க நேர்கிறது. இந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தாலே பயத்தில் பாதி இறங்கும்.

கணக்கு இப்படித்தான் ஓடுகிறது

ஒரு தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. அதில் 85 முதல் 90 சதவீதம் வளரும் பருவத்தில் இருக்கும். ஒவ்வொரு முடியும் 2 முதல் 6 ஆண்டு வளர்ந்துவிட்டு, சுமார் மூன்று மாத ஓய்வுக்குப் போகும். ஓய்வு முடியும்போது பழைய முடி கழன்று விழ, அதே மயிர்க்காலில் புது முடி கிளம்பும். நல்ல ஆரோக்கியத்தில் இருப்பவருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இதனால்தான்.

கடுங்காய்ச்சல், டெங்கு, டைபாய்டு, கோவிட், பெரிய அறுவை சிகிச்சை, அதிக ரத்தப்போக்கு, வேகமாக எடை இறங்குவது, பிரசவம் ஆகிய எதுவும் உடம்புக்குப் பெரிய அடி. அப்போது உடம்பு உயிர் காக்கும் வேலைக்கு முன்னுரிமை கொடுத்துவிட்டு, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் ஒரு பெரும் பகுதியை ஒரே நேரத்தில் ஓய்வுக்கு அனுப்பிவிடும். ஓய்வு சேர்ந்து தொடங்கினால் உதிர்வதும் சேர்ந்துதான் நடக்கும், இரண்டு மூன்று மாதம் கழித்து. மருத்துவர் 'டெலோஜென் எஃப்ளூவியம்' என்று எழுதுவது இதைத்தான்.

ஜனவரி நடுவில் காய்ச்சலில் விழுந்தவருக்கு மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ கொட்டத் தொடங்கும். ஜூலை, ஆகஸ்டில் தணியும். செப்டம்பரில் நெற்றி ஓரத்தில் 4, 5 சென்டிமீட்டர் நீளத்தில் குட்டி முடிகள் விறைத்து நிற்கும். முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. தான் வளரும் என்பதால் அந்தக் குட்டி முடி தோள் அளவுக்கு, அதாவது 30 செ.மீ.க்கு, வர இரண்டரை வருடம் ஆகும். தலை நிறைந்த பிறகும் சடையின் நுனி ஒல்லியாகவே இருப்பது இதனால்தான். வேர்ப்பக்கம் எல்லா முடியும் இருக்கிறது, நுனிப்பக்கம் பழைய முடி மட்டும் இருக்கிறது.

உதிர்ந்த முடியைக் கையில் எடுத்துப் பாருங்கள்

குப்பையில் போடுவதற்கு முன் பத்து முடியை எடுத்து, முடி கறுப்பாக இருந்தால் வெள்ளைத்தாளிலும் நரைத்திருந்தால் கறுப்புத் துணியிலும் வையுங்கள். ஒரு நுனியில் கடுகைவிடச் சிறிய வெள்ளைக் குமிழ் இருக்கிறதா? 'வேரோட வந்துடுச்சே' என்று பதறுவது அந்தக் குமிழைப் பார்த்துத்தான். அது வேர் இல்லை. ஓய்வு முடிந்த முடியின் அடித்தண்டு அப்படித்தான் உருண்டு வெளுத்திருக்கும். முடியை உண்டாக்கும் மயிர்க்கால் தோலுக்குள்ளேயே பத்திரமாக இருக்கிறது. இரண்டு பக்கமும் குமிழே இல்லாமல் சின்னச் சின்னத் துண்டாக வந்தால், முடி உதிரவில்லை, நடுவில் ஒடிகிறது. சூடு, இறுக்கிக் கட்டுவது, முரட்டுத்தனமாகச் சீவுவது ஆகியவற்றைத்தான் அப்போது நிறுத்த வேண்டும்.

அடுத்து, நெற்றி ஓரத்துக் குட்டி முடிகளின் நுனியை வெளிச்சத்தில் பாருங்கள். புதிதாக முளைத்தது ஊசி போலக் கூர்ந்து முடியும். ஒடிந்தது மொட்டையாகவோ பிளந்தோ இருக்கும். கூர் நுனிகள் தெரிந்தால் தலை வேலையைத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

இன்னும் கொட்டுகிறதா, நின்றுவிட்டதா என்று தெரிய, தலைக்குக் குளித்து ஒரு நாள் ஆன பிறகு 50, 60 முடியைக் கட்டைவிரலுக்கும் இரு விரலுக்கும் இடையில் பிடித்து, அடியிலிருந்து நுனி வரை மெதுவாக இழுங்கள். ஆறுக்கு மேல் கையோடு வந்தால் உதிர்தல் இன்னும் நடக்கிறது. உச்சி, இரண்டு பக்கம், பின்னந்தலை என நாலு இடத்தில் பார்க்கவும். மாதம் ஒருமுறைக்கு மேல் வேண்டாம். தினமும் இழுத்துப் பார்ப்பவர்களுக்குப் பதற்றம்தான் மிச்சமாகும்.

கைவிரல் நகத்தையும் பாருங்கள். கடும் நோய்க்குப் பிறகு நகத்தின் குறுக்கே ஒரு பள்ளக்கோடு விழுவதுண்டு. கைநகம் மாதத்துக்கு ஏறக்குறைய 3 மி.மீ. வளரும். கோடு அடியிலிருந்து 6 மி.மீ. தள்ளி இருந்தால் உடம்புக்கு அடி விழுந்து இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் ஆகியிருக்கும். தலை சொல்லும் அதே தேதியைப் பல நேரம் நகமும் சொல்லும்.

சில அடையாளங்கள் இந்தக் கணக்குக்குள் வராது. காசு அளவில் வழவழப்பான வட்டம் விழுந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். செதில், சீழ், எரிச்சல், துளைகளே தெரியாத பளபளப்பான தழும்பு, முகத்தில் தடிப்போடு மூட்டுவலி, ஆறு மாதம் தாண்டியும் குறையாத உதிர்வு, குழந்தையின் தலையில் திட்டு, இவற்றில் எது இருந்தாலும் தோல் மருத்துவரிடம் தாமதிக்காமல் போக வேண்டும். தழும்பு விழும் வகைகளில் போன மயிர்க்கால் திரும்பாது. அங்கே காத்திருப்பதுதான் நஷ்டம்.

பரிசோதனையும் மாத்திரையும்

கொட்டுவது வழக்கத்தைவிட அதிகம் என்றால் ரத்த அணுக்களின் எண்ணிக்கை, ஃபெரிட்டின், தைராய்டு ஆகிய மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஃபெரிட்டின் என்பது உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் அளவு. காய்ச்சலும் அழற்சியும் இருக்கும்போது அது தானாகவே ஏறும். அப்போது எடுத்தால், உள்ளே இரும்பு வற்றியிருந்தாலும் அறிக்கை 'சரியாக இருக்கிறது' என்று சொல்லிவிடும். நோய் முழுக்க அடங்கிச் சில வாரம் ஆன பிறகு எடுப்பதே பயன். குறைவு இருப்பது தெரியாமல் இரும்பு மாத்திரை தொடங்காதீர்கள்.

முடி மாத்திரை என்று விற்பவற்றில் பெரும்பாலும் பயோட்டின் இருக்கும். பயோட்டின் குறைபாடு அபூர்வம். குறைவே இல்லாதவருக்கு அது முடி வளர்த்ததற்கு நல்ல ஆதாரம் இல்லை. அதைவிட முக்கியம், அதிக அளவு பயோட்டின் தைராய்டு பரிசோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் பரிசோதனையையும் தப்பாகக் காட்ட வைக்கும். 2017-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் இதுபற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் எடுப்பதற்கு முன் சொல்லுங்கள். எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவு மீறினால் அவையே முடியைக் கொட்ட வைக்கும். கொட்டுகிற பயத்தில் நாலு மாத்திரையைச் சேர்த்து விழுங்குவது இதனால்தான் ஆபத்து.

புரதம் மட்டும் உண்மையாகவே கணக்கில் வைக்க வேண்டியது. நோயிலிருந்து எழுபவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராமுக்குக் குறையாமல் வேண்டும், 60 கிலோ என்றால் நாளுக்கு 60 கிராம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொல்லும் அளவையே பின்பற்றவும்.

முடி வளரக் கொடுக்கும் மினாக்ஸிடில் என்ற மருந்து இந்த வகை உதிர்வுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது. ஆனால் நோய்க்கு முன்பே வகிடு அகலமாகத் தொடங்கியிருந்தால், அல்லது நெற்றி ஏறத் தொடங்கியிருந்தால், இந்த உதிர்வு அதை வெளிச்சம் போட்டுக் காட்டிவிடும். அங்கே மருத்துவர் மினாக்ஸிடிலைக் கொடுப்பார். தொடங்கிய முதல் சில வாரங்களில் இன்னும் கொஞ்சம் கொட்டும். பழைய முடியைப் புதுசு தள்ளுவதால் வருவது அது. அந்த வாரங்களில் பயந்து நிறுத்துபவர்களே அதிகம்.

ரத்த உறைவைத் தடுக்கும் ஊசி, சில ரத்தக்கொதிப்பு மாத்திரைகள், சில வலிப்பு மாத்திரைகள் ஆகியவையும் உதிர்வைக் கூட்டும். சந்தேகம் வந்தால் கேளுங்கள். முடிக்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

குளிக்கப் பயந்தால் வரும் வினை

தலைக்குக் குளித்தால்தான் கொட்டுகிறது என்று பலர் குளிப்பதையே தள்ளிப்போடுவார்கள். கழன்று தயாராக இருக்கும் முடி எப்படியும் விழும். நாலு நாள் சேர்த்துக் குளித்தால் நாலு நாள் முடி ஒரே வேளையில் கையில் வரும். அந்தக் காட்சி இன்னும் பயமுறுத்தும், அடுத்த குளியல் இன்னும் தள்ளிப்போகும். அதற்குள் அழுக்கும் பொடுகும் சேர்ந்து அரிப்பெடுக்கும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை குளித்துவிடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், நீரில் கரைத்த ஷாம்பு, விரல் நுனியால் தேய்ப்பது, கண்டிஷனர் காதுக்குக் கீழே மட்டும், துண்டால் ஒற்றுவது, பாதி உலர்ந்ததும் அகலப் பல் சீப்பு. இவ்வளவு போதும்.

வாரக்கணக்கில் ஆஸ்பத்திரிப் படுக்கையில் கிடந்து பின்னந்தலை முடி பாய் மாதிரி ஒட்டிப்போனவர்களுக்கு இன்னும் நிதானம் வேண்டும். உதிர்ந்த முடி கீழே விழாமல் மற்ற முடிகளுக்குள் சிக்கிக் கட்டியாகிவிடுகிறது. அதன்மேல் சுடுதண்ணீர் ஊற்றி ஷாம்பு போட்டுக் கசக்கினால் கட்டி கல்லாகிவிடும். முதலில் நனைக்கவே கூடாது. கட்டி முழுக்க வழுக்கும்படி கண்டிஷனரைத் தாராளமாகத் தடவி 20 நிமிடம் ஊறவிடுங்கள். கட்டியின் கீழ் ஓரத்திலிருந்து விரல் அகலம் மட்டும் பிரித்து எடுத்து, மீதியைக் கிளிப் போட்டு ஒதுக்குங்கள். ஒரு கையால் முடியைத் தலையோட்டுப் பக்கம் இறுக்கிப் பிடித்துக்கொண்டால் இழுப்பு தோலுக்குப் போகாது. மறுகையால் சீப்பின் ஓரப்பல்லைக் கொண்டு, நுனியிலிருந்து மேல்நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குத்திப் பிரிக்க வேண்டும். காய்ந்தால் மறுபடி தடவுங்கள். ஒரு உள்ளங்கை அளவுக் கட்டிக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகலாம். உடம்பு தாங்காவிட்டால் இரண்டு நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பிரிந்து வரும் உதிர்ந்த முடி ஒரு குவியலாகச் சேரும். அது வாரக்கணக்கில் சேர்ந்தது என்று பிரிக்கத் தொடங்கும் முன்பே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் அந்தக் குவியலைப் பார்த்து மனம் விட்டுப்போவார்.

வெட்டுவதும் மறைப்பதும்

மெலிந்த முடிக்கு, நுனி ஒரே கோடாக முடியும் நேர் வெட்டுதான் அடர்த்தியாகக் காட்டும். அடுக்கடுக்காக வெட்டினால் ஏற்கெனவே ஒல்லியான நுனி இன்னும் ஒல்லியாகும். தாடையிலிருந்து தோள் வரை ஏதாவது ஒரு அளவு போதும். வகிட்டை ஒரு விரல் அகலம் தள்ளி எடுங்கள், அல்லது சீப்பு நுனியால் வளைந்து வளைந்து எடுங்கள். வருடக்கணக்கில் ஒரே இடத்தில் எடுத்த வகிடுதான் முதலில் வெளுத்துத் தெரியும். மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்பது உண்மையில்லை. கத்தி மயிர்க்காலைத் தொடுவதே இல்லை. மழித்த முடியின் நுனி தட்டையாக இருப்பதால் கைக்குக் கனமாகத் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

கீமோ எடுப்பவர்களுக்கு

இங்கே கணக்கு வேறு. வேகமாகப் பிரியும் செல்களை மருந்து தாக்குவதால், வளர்ந்துகொண்டிருக்கும் முடியே நடுவில் அறுந்துபோகிறது. முதல் மருந்திலிருந்து 2, 3 வாரத்தில் தொடங்கும். அதற்கு ஓரிரு நாள் முன்பே தலை தொட்டால் வலிக்கும். புருவமும் இமைமுடியும் கொஞ்சம் தாமதமாகப் போகும். மூக்கு முடி போவதால் காரணமில்லாமல் மூக்கு ஒழுகும். கீமோ மருந்துகள் எல்லாமே முடியைக் கொட்ட வைப்பவை அல்ல. உங்கள் மருந்து எந்த ரகம் என்று முதல் நாளே கேளுங்கள். தலையைக் குளிர்விக்கும் தொப்பி இருக்கிறதா, உங்கள் புற்றுநோய் வகைக்கு ஒத்துவருமா என்றும் சேர்த்துக் கேளுங்கள். ரத்தப் புற்றுநோய்களுக்கு அது பொருந்தாது. கதிர்வீச்சில், கதிர் படும் இடத்து முடிதான் போகும். அது திரும்புமா என்பது கதிரின் அளவைப் பொறுத்தது.

முடி போவதற்கு முன்பே மூன்று வேலைகளை முடித்துவிடுங்கள். முதலில், பகல் வெளிச்சத்தில் முகத்தை நேராகவும் இரு பக்கவாட்டிலும் புகைப்படம் எடுங்கள். பிறகு புருவம் வரைய அதுதான் வரைபடம். இரண்டாவது, நிறம் பொருத்த ஒரு சின்னக் கற்றையை வெட்டி எடுத்து வையுங்கள். மூன்றாவது, முடியைக் குட்டையாக வெட்டிக்கொள்ளுங்கள். நீள முடி கொத்தாக வருவதைப் பார்ப்பது குட்டை முடி விழுவதைவிடப் பல மடங்கு வலிக்கும். முழுக்க எடுக்கும்போது ட்ரிம்மர் மட்டுமே, பிளேடு கூடாது. ரத்த அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் சின்ன வெட்டுக்காயமும் தொற்றாகலாம்.

விக் வாங்க, நெற்றி முடிக்கோட்டிலிருந்து காதுக்கு மேலாகப் பிடரி சுற்றி அளவெடுங்கள். முடி போன பிறகு சுற்றளவு சற்றுக் குறையும் என்பதால் பின்னால் இழுத்துச் சுருக்கும் பட்டை உள்ளதாகப் பாருங்கள். விக் போட்டது போலத் தெரிவதற்கு முதல் காரணம் அதை நெற்றியில் மிகவும் கீழே இறக்கிவிடுவது. புருவத்துக்கு மேல் நாலு விரல் வைத்துப் பாருங்கள், நாலாவது விரலின் மேல்தான் விக்கின் விளிம்பு உட்கார வேண்டும். இரண்டு காதுக்கு முன்னும் வரும் சிறு பட்டைகள் ஒரே உயரத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். செயற்கை இழை விக்கோடு அடுப்புப் பக்கம் போகாதீர்கள். அடுப்பிலிருந்து எழும் ஒரு நொடி ஆவியில் முன்பக்க இழைகள் சுருண்டு பொசுங்கிவிடும், திரும்பச் சரியாகாது.

ஸ்கார்ஃப் போதும் என்பவர்கள் ஒரு மீட்டர் சதுரப் பருத்தித் துணி எடுங்கள். பளபளப்பான துணி வழுக்கும். முக்கோணமாக மடித்து, மடித்த ஓரத்தை முடிக்கோடு இருந்த இடத்துக்கு ஒரு விரல் கீழே வைத்து, இரு முனைகளையும் பிடரியில் தொங்கும் மூன்றாம் முனைக்கு மேலாக முடிச்சிடுங்கள். உச்சியில் ஒரு சின்னத் துண்டுத்துணியை மடித்து உள்ளே வைத்தால் தலை தட்டையாகத் தெரியாது. முடி இல்லாத தோல் வெயிலில் சீக்கிரம் பொசுங்கும், இரவில் குளிரும். இரண்டுக்கும் மெல்லிய தொப்பி ஒன்று வேண்டும்.

புருவத்துக்கு மூன்று புள்ளிகள். மூக்கு மடலிலிருந்து பென்சிலை நேர் மேலே பிடித்தால் வருவது தொடக்கம், கருவிழியின் வெளி ஓரம் வழியாகச் சாய்த்தால் வளைவு, கண்ணின் வெளி முனை வழியாகச் சாய்த்தால் முடிவு. ஒரே கோடாக இழுக்காமல் முடி நீளத்துக்குச் சின்னச் சின்னக் கீற்றாகப் போடுங்கள். முடி போனபோதுகூடக் கலங்காமல் இருந்து, புருவம் போனதும் 'இது என் முகமே இல்லை' என்பவர்கள் உண்டு. மீசை போன ஆண்களும் அதையேதான் சொல்கிறார்கள், கொஞ்சம் தயங்கித் தயங்கி.

கண்ணாடியும் மனிதர்களும்

குளியலறை விளக்கு உச்சிக்கு நேர் மேலே இருந்தால், ஈரத்தலையில் எல்லோருக்கும் மண்டை தெரியும். அந்த வெளிச்சத்தில் உங்களை எடைபோடாதீர்கள். மாதம் ஒரு நாள், உலர்ந்த தலை, அதே சன்னல், அதே வகிடு, ஒரு புகைப்படம். மற்ற நாட்களில் தலையை ஆராய வேண்டாம். முடி மாத அளவில் வளர்வது, நாளுக்கு நாள் பார்த்தால் இழப்பு மட்டும்தான் கண்ணில் படும்.

கேட்பவர்களுக்கு ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தயார் செய்யுங்கள். 'காய்ச்சலுக்கு அப்புறம் இப்படிக் கொட்டும், ஆறு மாசத்துல நின்னுடும்' என்பது போல ஒன்று. அதைச் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றலாம், வைத்தியம் சொல்லத் தொடங்குபவரிடம் 'டாக்டர்கிட்ட காட்டியாச்சு' என்று நிறுத்திக்கொள்ளலாம். வீட்டாரிடம் இரண்டு வேண்டுகோள் வையுங்கள். தரையில் கிடக்கும் முடியைப் பேசாமல் கூட்டிவிடட்டும். 'உசிரு பொழச்சதே பெருசு, முடிதானே' என்று சொல்லாமல் இருக்கட்டும். ஆறுதலாகத்தான் சொல்வார்கள். கேட்பவருக்கோ, வருத்தப்படவே உரிமை இல்லை என்று காதில் விழும். உயிர் பிழைத்த நிம்மதியும் முகம் மாறிப்போன துக்கமும் ஒருவருக்குள் ஒரே நேரத்தில் இருக்க முடியும்.

தலையை நினைத்து வெளியே போவதையே நிறுத்திவிட்டால், தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால், மருந்தையே வேண்டாமென்று ஒதுக்கத் தோன்றினால், முடிக்குக் காட்டும் மருத்துவரிடமே இதையும் சொல்லுங்கள். அவர் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். தோலுக்கு ஒருவர், மனசுக்கு ஒருவர் என்று பார்ப்பதில் தவறே இல்லை.

திரும்பி வரும் முடி

கீமோ முடிந்து ஒரு மாதத்தில் பூனைமுடி போல மெல்லியதாக எழும்பும், இரண்டு மூன்று மாதத்தில் நிஜ முடி வரும். நேர் முடி இருந்தவருக்குச் சுருள் வரலாம், கறுப்பு இருந்த இடத்தில் நரை வரலாம். பெரும்பாலும் ஒரு வருடத்தில் பழைய குணத்தை நோக்கித் திரும்பும். நரை மட்டும் சிலருக்கு அப்படியே தங்கிவிடும். முடி வந்துவிட்டதே என்று எல்லோரும் மகிழும்போது, கண்ணாடியில் இருப்பவர் பழைய ஆளும் இல்லை, நோயாளியும் இல்லை என்று தோன்றும். அந்தக் குழப்பத்துக்கும் நேரம் கொடுங்கள்.

சாயம் பூச அவசரம் வேண்டாம். கீமோவுக்குப் பிறகு ஆறு மாதம் பொறுப்பது வழக்கம். அப்போதும் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணி நேரம் பாருங்கள். முன்பு ஒத்துக்கொண்ட சாயம் இப்போது அரிக்கலாம். முதல் முறை வெட்டப் போகும்போது, காதோரத்தையும் பிடரியையும் மட்டும் ஒழுங்கு செய்யச் சொல்லுங்கள். அந்த இடங்கள் முதலில் நீண்டு தொங்கும். உச்சியில் இருப்பதை ஒரு செ.மீ. கூடக் குறைக்க விடாதீர்கள், அது ஒரு மாத உழைப்பு.